அப்புச்சியின் பைனாகுலரும் முருங்கை மரத்துக் குக்குறுவானும்

முருங்கைக் கிளையில் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு குக்குறுவான். எனக்கு இரண்டு தெரிந்தன. ஒன்று கிளைமேல், இன்னொன்று அதற்கு ஒரு விரற்கடை மேலே அந்தரத்தில். பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்று. மறுபடி வைத்தால் இரண்டு. ஐந்து நிமிடம் விடாமல் பார்த்ததில் புருவத்துக்கு நடுவே வலி பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பறவை பார்த்தது போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இது மாசிக் கடைசியில், ஈரோட்டில், எங்கள் குடியிருப்புக்குள் இருக்கும் சின்னப் பூங்காவில் நடந்தது. பைனாகுலர் என் அப்புச்சியுடையது, அதாவது அம்மாவின் அப்பாவுடையது. வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இருவாச்சி பார்க்கப் போய்விடுவாராம். அவருக்குப் பிறகு அம்முச்சி பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தார். போன வருடம் வீடு மாறும்போது பீரோவின் மேலிருந்து வலது பக்கமாகத் தரையில் விழுந்தது. கண்ணாடி எதுவும் உடையவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்திருந்தேன்.

நான் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பேரிங், புஷ், மரை என்றால் கை தானாக வேலை செய்யும். கண்ணாடி வேலை இதுதான் முதல் தடவை. செய்ததை, இடையில் செய்த தவறோடு சேர்த்து எழுதி வைக்கிறேன். இப்படி ஒன்று பரண்மேல் கிடக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு.

முதலில் பொருளைப் பற்றி. ஜப்பானில் செய்தது. கண் வைக்கும் பக்கத்துத் தகட்டில் 8×40 என்றும், 1000 கஜத்தில் 430 அடி என்றும் செதுக்கியிருக்கிறது. முதல் எண், 8 மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்லென்ஸின் அகலம் 40 மில்லிமீட்டர் என்பது. 1000 கஜத்துக்கு அப்பால் 430 அடி அகலத்துக்கு ஒரே பார்வையில் தெரியும் என்பது அடுத்தது. நாற்பதை எட்டால் வகுத்தால் ஐந்து. கண்லென்ஸிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றை அத்தனை மில்லிமீட்டர் அகலம். விடியற்காலை மங்கலில் நம் கண்மணி விரிந்திருக்கும்போது இந்த ஐந்து எவ்வளவு உதவுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளே குழலுக்கு இரண்டாக மொத்தம் நான்கு பிரிசம். பள்ளியில் முப்பட்டகம் என்று படித்தோமே, அதுதான். முன்லென்ஸ் உருவத்தைத் தலைகீழாக்கி இடம் வலம் மாற்றிவிடும். ஒரு பிரிசம் மேல் கீழை நேராக்கும், அதற்குக் குறுக்காக வைத்த இன்னொன்று இடம் வலத்தை நேராக்கும். இக்னாசியோ போரோ என்ற இத்தாலியர் 1854இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. பழைய பைனாகுலர்களின் தோள் புடைத்துக்கொண்டிருப்பதற்கு இந்தப் பிரிசங்களே காரணம். கீழே விழுந்தால் முதலில் நகர்வதும் இவைதான். ஒரு குழலில் பிரிசம் மயிரிழை சாய்ந்தாலும் அந்தக் குழல் வேறு இடத்தைப் பார்க்கும். நம் இரண்டு கண்ணும் இடம் வலமாகக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், மேலும் கீழுமாக மிகமிகச் சிறிதே கொடுக்கும். ஒரு குக்குறுவான் கிளையிலும் ஒன்று அந்தரத்திலும் தெரிந்தது அதனால்தான்.

பிரிப்பதற்கு முன்னால் முன்லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது குழலுக்குள், பிரிசத்தின் அகலமான முகத்தில், இலை உதிர்ந்த வேலமரம் போலக் கிளை கிளையாகப் பூசணம் படர்ந்திருந்தது. ஓர் ஓரத்தில் ஊன்றி, அங்கிருந்து விசிறியாகப் பிரிந்து, நுனிகள் நூலைவிட மெல்லியதாகப் போயிருந்தன. வால்பாறை மழையில் ஊறியதை அப்படியே சேலைக்குள் சுற்றி இருட்டில் வைத்தால் வேறென்ன ஆகும்? இடது குழலில் ஒரு ஓரமாக மட்டும் கொஞ்சம் இருந்தது.

முன் குழலைக் கழற்றுவது லேசாக இல்லை. பழைய கிரீஸ் பிசினாகி மரையைக் கவ்விக்கொண்டிருந்தது. பட்டறைப் பழக்கத்தில் எண்ணெய் விடலாம் என்று கை போனது, நல்லவேளை விடவில்லை. எண்ணெய் மரை வழியே உள்ளே இறங்கிக் கண்ணாடியில் படலமாகப் பரவிவிடும். அரை மணி நேரம் வெயிலில் வைத்து, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றி, பிடித்துத் திருகினேன். ஒரு முறுகல் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. பிறகு நடு அச்சின் தலையில் இருக்கும் மூடியைத் திருகி, கண்லென்ஸ்கள் இரண்டையும் அவற்றை இணைக்கும் பாலத்தோடு மேலே தூக்கி எடுத்து, மூடித் தகட்டின் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் பிரிசங்கள் தெரியும்.

ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிசத்தை எடுக்கும் முன் அதன் மங்கலான பக்கவாட்டில், அதாவது ஒளி போகாத பக்கத்தில், பென்சிலால் அடையாளம் போடுவது அதைவிட முக்கியம். வலது இடது, மேல் கீழ், எந்த முனை எந்தப் பக்கம் என்று நான்கிலும் எழுதினேன். பார்க்க நான்கும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் தொழிற்சாலையில் அந்தந்த இடத்துக்கென்று உட்காரவைத்து நேர்ப்படுத்தியவை. மாறிப் போனால் வேலை இரட்டிப்பாகும்.

வலது குழலில் கோளாறு கண்ணுக்கே தெரிந்தது. பிரிசத்தை மேடையோடு அழுத்திப் பிடிக்கும் வில்தகடு ஒரு பக்கம் நழுவியிருந்தது. பிரிசம் தன் பள்ளத்திலிருந்து ஒரு தாள் கனம் எழும்பி நின்றது. விரலால் தொடாமல் ட்வீசரில் இன்சுலேஷன் பேப்பர் சுற்றி எடுத்தேன். தகட்டைக் கழற்றி அதன் வளைவைச் சிறிது கூட்டிவிட்டேன். மாட்டும்போது பிரிசம் அசையக் கூடாது, கண்ணாடி நெரியவும் கூடாது. பழைய மோட்டாரில் கார்பன் பிரஷ் ஸ்பிரிங் மாட்டியவர்களுக்கு அந்த அளவு கைக்குத் தெரியும்.

பூசணத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாக் கரைசலும் சம அளவு. மருந்துக்கடையில் கிடைக்கிற 3 சதவீதப் பெராக்சைடு போதும். வாசலில் காற்றோட்டமாக உட்கார்ந்து, கையுறை போட்டு, அப்போதைக்குத் தேவையான சில சொட்டு மட்டும் கலக்க வேண்டும். கலந்ததை மூடி வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து வெடித்துத் திறக்கும். வீட்டில் தரை கழுவும் பிளீச்சிங் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, அமோனியாவோடு சேர்ந்தால் நச்சுப் புகை. பலமுறை துவைத்த, கஞ்சி போடாத வேட்டித் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, நனைத்து, பிரிசத்தின்மேல் இரண்டு நிமிடம் போர்த்தி வைத்தேன். அப்புறம் ஒரே திசையில் ஒரு இழுப்பு, துணியை வீசிவிட்டு வேறு துணி, மறுபடி ஒரு இழுப்பு. வட்டம் வட்டமாகத் தேய்த்தால் ஒரே ஒரு மண் துகள் போதும், கண்ணாடி முழுக்கக் கோடு விழும். கடைசியாக டிஸ்டில்டு வாட்டர், அதன்பின் ஐசோபுரோபைல் ஆல்கஹால்.

பூசணம் போய்விட்டது. அதன் வேர் ஓடிய தடம் மட்டும் ஓரிடத்தில் மேல்பூச்சை அரித்து, சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற வெளிர் கோடுகளாக நிற்கிறது. அதைத் தேய்த்து எடுக்க முடியாது, தேய்க்கவும் கூடாது. முன்லென்ஸை ஆல்கஹாலில் முக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது இரண்டு கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டியது, பசை இளகினால் நம் கையால் சரிசெய்ய முடியாது. மேலாகத் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

மற்ற வேலைகள் சுலபம். நடுச் சக்கரத்தின் மரையில் இருந்த பிசினை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட்டு, லித்தியம் கிரீஸ் கடுகளவு. பிரித்த பாகங்களை எல்லாம் மூன்று நாள் தூக்குப்போசிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடி வைத்தேன். பிறகு பூட்டினேன்.

இனி நேர்ப்படுத்தும் வேலை. தவறு செய்தது இங்கேதான்.

குழலின் தோளில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலின் ஓரத்தை மெதுவாக உரித்தால் தலையில்லாத குட்டி ஸ்க்ரூ ஒன்று தெரியும். குழலுக்கு இரண்டு, ஒன்று முன் பக்கம், ஒன்று கண் பக்கம். உள்ளே பிரிசத்தின் விளிம்பை அவை லேசாகத் தள்ளிச் சாய்க்கும். ஒன்றைத் திருகினால் உருவம் வலப்பக்கம் சரிவாக ஏறும், மற்றதைத் திருகினால் இடப்பக்கம் சரிவாக ஏறும். இரண்டையும் மாற்றி மாற்றித் திருகித்தான் வேண்டிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது. எல்லாப் பழைய பைனாகுலரிலும் இந்த ஸ்க்ரூ இருக்காது, சிலவற்றில் முன்லென்ஸைச் சுற்றியுள்ள வளையங்களைத் திருப்பி நேர்ப்படுத்துவார்கள்.

எங்கள் மொட்டை மாடியில் பைனாகுலரைக் கட்டி வைத்து, எதிர் வரிசை வீட்டின் தண்ணீர்த் தொட்டியைக் குறி வைத்தேன். அதன் மூடியில் இருந்த ஒரு போல்ட். வலது குழலில் தெரியும் போல்ட்டும் இடது குழலில் தெரியும் போல்ட்டும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்காரும் வரை திருகினேன். ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு திருப்தியாக இருந்தது. அப்புச்சி பார்த்த மாதிரியே நானும் பார்க்கப் போகிறேன் என்று அன்று இரவு சரியாகத் தூக்கம்கூட வரவில்லை.

மறுநாள் பங்குனி முதல் ஞாயிறு. ஆறு மணிக்கே பூங்காவுக்குப் போய்விட்டேன்.

ஈரோட்டில் பறவை பார்க்க என்றால் எல்லோரும் வெள்ளோட்டைச் சொல்வார்கள். சரிதான், 77 ஹெக்டேர் ஏரி, உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். அந்தப் பக்கம் திருப்பூரில் நஞ்சராயன் குளமும் 2024இல் சேர்ந்துவிட்டது. தண்ணீர்ப் பறவைக்கு அங்கே போவேன். பைனாகுலரைச் சோதிக்க எனக்குப் பூங்காதான் பிடித்தது. பத்தடியில் தேன்சிட்டு, ஐம்பதடியில் குக்குறுவான், வானத்தில் தகைவிலான், மர நிழலில் இருட்டு, புல்வெளியில் வெளிச்சம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். நடுச் சக்கரத்துக்கு ஓய்வே இருக்காது.

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. எங்கள் பக்கத்து மரங்கள் அதற்குக் காத்திருப்பதில்லை. புங்கமரம் பழைய இலையைக் கொட்டிய கையோடு மெழுகு பூசியது போன்ற இளம்பச்சைத் தளிரை விட்டிருந்தது. அரச மரம் செம்புத் தகடு கட்டியது போல் நின்றது. வேப்பம்பூ இன்னும் உதிரத் தொடங்கவில்லை, வாசம் மட்டும் வந்தது. இலை இல்லாத கல்யாண முருங்கையில் சிவப்புப் பூக் கொத்துகள், அதைச் சுற்றி ஒரே சண்டை. சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று அதில் இறங்கியிருந்தது. சோளக் காட்டுக்காரர்கள் சோளப்பட்சி என்பார்கள். கறுப்புத் தலை, இளஞ்சிவப்பு உடம்பு. மத்திய ஆசியாவிலிருந்து வந்து நம் ஊரில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பங்குனி சித்திரையில் திரும்பிப் போகிற பறவை. போகிற நேரத்தில்தான் அந்த இளஞ்சிவப்பு நல்ல சுத்தமாக ஏறியிருக்கும்.

பூசணம் போனது உடனே தெரிந்தது. முன்பு எல்லாவற்றின்மேலும் பால் தெளித்தது போல் ஒரு வெளுப்பு இருக்கும், அது இல்லை. கறுப்பு கறுப்பாக இருந்தது. மேலே கீழே என்று இரண்டாகத் தெரிவதும் நின்றுவிட்டது. ஆனால் பத்து நிமிடத்தில் பழைய வலி வந்தது. இந்தத் தடவை கண்ணோரத்து நெற்றிப்பொட்டுப் பக்கம். கண்லென்ஸை வைத்த முதல் நொடியில் உருவம் இரண்டாக இருந்து, பிறகு இழுத்துக்கொண்டு ஒன்றாகச் சேர்ந்தது. தூரத்து மின்கம்பியில் பஞ்சுருட்டான் உட்கார்ந்திருந்தபோது அந்த இழுப்பு இன்னும் மோசம். பக்கத்தில் இருந்த தேன்சிட்டைப் பார்க்கும்போது ஒன்றுமே இல்லை, சுகமாக இருந்தது.

பக்கத்தில் சுகம், தூரத்தில் வலி. பெஞ்சில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. எதிர்வீட்டுத் தொட்டி எங்கள் மாடியிலிருந்து 40 மீட்டர்கூட வராது. இரண்டு முன்லென்ஸ்களுக்கு நடுவே 12 சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டு குழலையும் 40 மீட்டரில் இருக்கும் ஒரே போல்ட்டைப் பார்க்கவைத்தால், அவை ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். கணக்குப் போட்டால் ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு. அது சின்னதுதான். ஆனால் பைனாகுலர் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை, கோணத்தையும் எட்டு மடங்காக்கும். கண்ணுக்கு வந்து சேரும்போது அது ஒரு டிகிரிக்கு மேல். உள்ளே சாய்ந்த குழல்களால் தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் இடது கண் இடப்பக்கமும் வலது கண் வலப்பக்கமும் விலக வேண்டும். உள்பக்கம் திரும்புவது நம் கண்ணுக்குப் பழக்கம், புத்தகம் படிக்கும்போதெல்லாம் செய்கிறோம். வெளிப்பக்கம் விலகுவது அதன் வேலையே இல்லை. வலி அங்கிருந்து வந்தது.

ஆகவே குறி தூரத்தில் இருக்க வேண்டும். அரை கிலோமீட்டருக்கு மேல் என்றால் நல்லது. நிமிர்ந்து பார்த்தேன். பூங்காவின் மேற்கு வேலிக்கு அப்பால், ரயில்பாதைப் பக்கம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. தூரம் எழுநூறு மீட்டராவது இருக்கும். தலையில் வட்டமாகக் கைப்பிடிக் கம்பி, உச்சியில் இடிதாங்கி. படுக்கைக் கோட்டுக்குக் கம்பி, நெடுக்குக் கோட்டுக்கு இடிதாங்கி. சூரியன் என் முதுகுக்குப் பின்னால், தொட்டியின் முகத்தில் வெளிச்சம். பைனாகுலரோடு சூரியன் பக்கம் திரும்பவே வேண்டாத இடம். இதைவிட நல்ல குறியை நானே கட்டிவைத்தாலும் கிடைக்காது.

ஆனால் மணி எட்டாகிவிட்டது. பங்குனி வெயிலில் எட்டரை ஒன்பதுக்கெல்லாம் கூரைகளுக்கு மேல் காற்று அலையடிக்க ஆரம்பித்துவிடும். அப்போது எட்டு மடங்கு பெரிதாக்கிய கம்பி பாம்பு மாதிரி நெளியும், எதை எதோடு சேர்ப்பது? குளிர்ந்து அசையாமல் நிற்கிற காற்று வேண்டும் என்றால் விடிந்த முதல் ஒரு மணி நேரம்தான். பறவைக்கு உகந்த நேரமே இந்த வேலைக்கும் உகந்த நேரம். அடுத்த ஞாயிறு வரை பொறுத்துக்கொண்டேன்.

அன்று ஒரு மஞ்சப்பையில் மணல் நிரப்பி வாயைத் தைத்து எடுத்துப் போனேன். பெஞ்சின் சாய்மானத்தின்மேல் அதைப் போட்டு, நடுவில் குழி செய்து, பைனாகுலரை உட்காரவைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினேன். ஸ்டாண்டு இல்லாதவர்களுக்கு இது போதும், அசையவே இல்லை. முதலில் இடது கண்ணால் நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்கி, பிறகு வலது கண்லென்ஸை மட்டும் அதன் வளையத்தில் திருப்பித் தெளிவாக்கினேன். இந்த வரிசையில் செய்தால்தான் இரண்டு கண்ணுக்கும் சரியாக வரும். அப்புறம் முகத்தை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். கண்லென்ஸ்களில் இரண்டு குட்டி வட்டங்கள், ஒவ்வொன்றிலும் கம்பிக் கோடு. இடது வட்டத்துக் கோடு வலது வட்டத்தில் தொடர்ந்து ஒரே கோடாக ஓட வேண்டும். இடிதாங்கி இரண்டு வட்டத்திலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பார்த்தால், கம்பி சரி, இடிதாங்கி மட்டும் வலது வட்டத்தில் நன்றாகத் தள்ளி நின்றது. என் கணக்கு சொன்ன அதே தவறு.

இடது குழலைத் தொடவில்லை. விழுந்தது வலது, திருகியதும் வலது. முன் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினேன். இடிதாங்கி வட்டத்தின் ஓரத்துக்கே ஓடிவிட்டது. அது அதிகம். திரும்ப வந்து, அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு. வீசம் என்றால் அதிலும் பாதி. அப்புச்சி எஸ்டேட் கணக்கில் அரைக்கால், வீசம் என்றெல்லாம் சொல்வார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் அவருடைய பைனாகுலரைத் திருகும்போது எனக்குப் பயன்பட்டது. முன் ஸ்க்ரூவில் அரைக்கால், பின் ஸ்க்ரூவில் அரைக்கால், பார்க்க. முன்னால் வீசம், பின்னால் வீசம், பார்க்க. இறுகுகிறது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். அதற்குமேல் போனால் பிரிசத்தின் விளிம்பு சில்லு தெறிக்கும்.

தினமும் நடக்க வரும் பெரியவர் ஒருவர் இரண்டு சுற்று என்னைப் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க தம்பி, அத்தனை குருவி கத்துது, நீங்க தண்ணித் தொட்டியவே பாத்துட்டு இருக்கறீங்க?"

"இது நேராச்சுன்னா குருவி நல்லாத் தெரியுமுங்க ஐயா."

"அப்படீங்களா. பாருங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டு, சத்தம் காட்டாமல் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஏழு மணிக்குள் சேர்ந்துவிட்டது. கண்ணை வைத்தேன். இழுப்பு இல்லை. கண்ணை எடுத்து மூடி, திறந்து, மறுபடி வைத்தேன். தொட்டியும் கம்பியும், கம்பியில் உட்கார்ந்திருந்த மாடப்புறாவும் அப்படியே நின்றன, நான் எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. பெரியவரிடம் கொடுத்தேன். புறாவைப் பார்த்துவிட்டு, "அதுக்குக் கழுத்துல பச்சை இருக்குதுங்களே" என்றார்.

ஸ்க்ரூத் தலைகளில் நகப்பூச்சு ஒரு சொட்டு, அசையாமல் இருக்க. தோலை வீட்டுக்கு வந்து பஞ்சர் சொல்யூஷனில் ஒட்டிவிட்டேன்.

மறு ஞாயிறு நான் கிளம்பியபோது இன்னும் சரியாக விடியவில்லை. குயில் மட்டும் ஏறு குரலில் கத்திக்கொண்டிருந்தது. பங்குனிப் பொங்கலுக்குக் கம்பம் நட்டிருந்ததால் தூரத்தில் எங்கேயோ மேளம். பூங்காவுக்குள் ஒருவரும் இல்லை. புங்கமரத்தடியில் இரண்டு வாரத்துச் சருகு மெத்தையாகக் கிடந்தது. அதற்குள் ஏதோ புரட்டும் சத்தம். ஓணான் என்று நினைத்தேன். நின்றேன். சத்தமும் நின்றது. மறுபடி சர் சர் என்று ஆரம்பித்தது.

வெறும் கண்ணுக்கு அங்கே இருட்டும் சருகும்தான். பைனாகுலரை வைத்ததும் அந்த இருட்டு கொஞ்சம் விலகியது. முன்பு சொன்ன ஐந்து மில்லிமீட்டர் ஒளி இதுதான். சருகுக்கு நடுவில் ஆறுமணிக்குருவி நின்றது. காலை ஆறு, மாலை ஆறு என்று கூப்பிடுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரம் வரை போய்க் குஞ்சு பொரிக்கிற பறவை, குளிர்காலம் முழுக்க நம் பக்கம் இருந்துவிட்டுத் திரும்புகிற நேரம் இது. வாலே இல்லையோ என்கிற மாதிரி ஒரு துண்டு வால். கண்ணின் குறுக்கே பட்டையாக மை தீட்டியது போல் கறுப்பு. தொண்டை வெள்ளை, முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று ஒரு நீலக் கீற்று. அது ஒரு சருகை அலகால் புரட்டிப் போட்டது. தலையைச் சாய்த்தது. கீழே எதையோ காதால் கேட்பது போல் இருந்தது. பிறகு ஒரு குத்து. மண்புழு ரப்பர் மாதிரி நீண்டு வந்தது. குருவி பின்னால் சாய்ந்து இழுக்க, அடிவயிற்றின் சிவப்பு ஒரு நொடி தெரிந்தது.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. ஒரு தடவைகூடக் கண்ணை எடுக்கத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் செல்போனில் இந்தக் குருவியின் குரலைப் போட்டு வெளியே வரவைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அத்தனை தூரம் பறக்க உடம்பில் கொழுப்புச் சேர்க்கிற நாட்களில், இல்லாத எதிரியைத் தேடி அதை அலையவிடுவது பெரிய கொடுமை. அசையாமல் நின்றால் அதுவே வரும்.

வெளிச்சம் வந்ததும் அது புதருக்குள் போய்விட்டது. அப்புறம் முருங்கை மரத்துக் குக்குறுவான். பட்டுப்போன கிளையில் சின்னதாக ஒரு வட்டத் துளை, கிளையின் அடிப்பக்கத்தில், மழை இறங்காத மாதிரி. அதற்குள்ளிருந்து தலை வந்தது. சிவப்பு நெற்றி, கண்ணுக்கு மேலும் கீழும் மஞ்சள், தடித்த அலகின் அடியில் பூனை மீசை போல் முடிகள். ஆலம்பழம் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு இன்னொன்று வந்து உட்கார, உள்ளே இருந்தது விருட்டென்று பறந்தது. இடம் மாற்றிக்கொண்டன. இந்தத் தடவை இரண்டாகத் தெரிந்தது உண்மையிலேயே இரண்டு.

அடுத்த நாள் மகளைக் கூட்டிப் போனேன். ஆறாவது படிக்கிறாள். நடு அச்சை அவள் கண் அகலத்துக்கு மடக்கிக் கொடுத்தேன். அச்சின் அளவுகோலில் எனக்கு 66, அவளுக்கு 58.

"பொந்து தெரியுதா கண்ணு?"

"தெரியுதுங்ப்பா. ஆனா ஒண்ணுமேல ஒண்ணு ரெண்டு பொந்து இருக்குதுங்களே."

வாங்கிப் பார்த்தேன். 66இல் ஒன்று. 58க்கு மடக்கினால் மறுபடி மேலும் கீழுமாகக் கொஞ்சம் விலகல். காரணம் புரிய வீடு வரும் வரை ஆனது. நான் வலது குழலை இடது குழலுக்கு இணையாக்கியிருக்கிறேன், அவ்வளவே. இரண்டு குழலும் நடு அச்சுக்கு இணையாக இருந்தால்தான் எப்படி மடக்கினாலும் சேர்ந்திருக்கும். இடது குழலும் விழுந்ததில் சிறிது நகர்ந்திருக்கிறது. அதைத் தொடாமல் விட்டதால், என் கண் அகலத்துக்கு மட்டும் சரியாக வந்திருக்கிறது. ஒருவரே பயன்படுத்தும் பைனாகுலர் என்றால் இத்தோடு விட்டுவிடலாம். வீட்டில் நாலு பேர் பார்க்க வேண்டுமானால் இடது பக்கத்தையும் திறக்க வேண்டும், அச்சை விரித்து ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்த்துத் திருக வேண்டும்.

அன்றைக்கு அவள் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்தாள். பள்ளிக்கு நேரமாகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை. பழம் கொண்டுவந்த தடவைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று வரை எண்ணினாள்.

இடது குழலின் தோலை நேற்று உரித்துவிட்டேன். இரண்டு ஸ்க்ரூவும் தெரிகின்றன. மஞ்சப்பை மணல் காய்ந்துகொண்டிருக்கிறது. ஞாயிறு காலை தொட்டிக் கம்பியைப் பார்க்க அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள், ஆறு மணிக்கு அலாரம் வைத்து.